2035: ஒரு பிழையான ஆண்டும் இமயப் பனியாறுகளின் சான்றும்

2010 ஜனவரி 20 அன்று ஜெனீவாவிலிருந்து சில பத்திகளே கொண்ட ஓர் அறிக்கை வெளியாயிற்று. வெளியிட்டது, ஐ.பி.சி.சி. எனச் சுருக்கி அழைக்கப்படும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு. 2007இல் தான் வெளியிட்ட நான்காம் மதிப்பீட்டறிக்கையில் இமயப் பனியாறுகள் குறித்து இடம்பெற்ற ஒரு பத்தி, போதிய ஆதாரமற்ற மதிப்பீடுகளைக் கொண்டிருந்தது என்றும், சான்றுகளைச் சரிபார்ப்பதற்கான நெறிமுறைகள் அவ்விடத்தில் முறையாகப் பின்பற்றப்படவில்லை என்றும் அக்குழு அதில் ஒப்புக்கொண்டது. புவி இதே வேகத்தில் வெப்பமடைந்தால் 2035ஆம் ஆண்டுக்குள், ஒருவேளை அதற்கும் முன்பே, இமயப் பனியாறுகள் மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்பதே அப்பத்தியின் சாரம்.

இந்நிகழ்வு இன்றளவும் இருவகையில் நினைவுகூரப்படுகிறது. புவி வெப்பமாதலில் மனிதரின் பங்கை மறுப்போருக்கு, காலநிலை அறிவியல் முழுவதுமே புனைவு என்பதற்கான நிரூபணம் அது. மறுதரப்பினருக்கோ, ஏறத்தாழ ஆயிரம் பக்க நூலில் நேர்ந்த சிறு சறுக்கல் மட்டுமே. இவ்விரு நினைவுகளும் நடந்தவற்றைச் சரியாகச் சொல்வதில்லை. 2035 என்ற எண் எந்த அளவீட்டிலிருந்தும் பிறந்ததன்று. ஆகவே அது நீக்கப்பட்டபோது எந்த அளவீடும் வலுவிழக்கவில்லை. அதே வேளையில், அந்த எண் வீழ்ந்ததைக் கொண்டாடியவர்களிடமும் பனியாறுகள் நலமாக உள்ளன என்று காட்டும் அளவீடு இருக்கவில்லை. இமயத்தின் பனி குறித்த உண்மையான சான்று இவ்விரு தரப்புக்கும் வெளியே, வேறு வழியில், மெதுவாகத் திரண்டது. அவ்வரலாறு ஆய்வுலகைச் சேர்ந்த எவரும் அறிய வேண்டிய ஒன்று.

ஓர் எண் கடந்து வந்த பாதை

2007 அறிக்கையின் இரண்டாம் பணிக்குழுத் தொகுதியில், ஆசியா பற்றிய பத்தாம் அத்தியாயத்தில் அப்பத்தி இடம்பெற்றது. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது, உலக இயற்கை நிதியம் 2005இல் வெளியிட்ட ஓர் அறிக்கை. அந்நிதியத்தின் அறிக்கையோ, நியூ சயன்டிஸ்ட் இதழில் 1999 ஜூனில் ஃபிரெட் பியர்ஸ் எழுதிய செய்திக் கட்டுரையைச் சுட்டியது. அக்கட்டுரைக்கு அடிப்படை, அக்காலத்தில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பனியாற்று அறிஞர் சையத் இக்பால் ஹஸ்னைனுடன் நிகழ்ந்த உரையாடல். அவர் தலைமை வகித்த பன்னாட்டுப் பணிக்குழுவின் அறிக்கையைத் தேடிப் படித்தவர்கள், அதில் 2035 என்ற ஆண்டே இல்லை என்பதைக் கண்டனர். ஏறத்தாழ அதே காலத்தில், 1999 ஏப்ரலில், டெல்லியிலிருந்து வெளிவரும் டவுன் டு எர்த் இதழும் அதே ஆண்டைக் குறிப்பிட்டிருந்தது.

இன்னொரு கிளையும் உண்டு. ரஷ்யப் பனியாற்று அறிஞர் கோத்லியாக்கோவ், யுனெஸ்கோவுக்காக 1996இல் தொகுத்த அறிக்கையில், துருவப் பகுதிகளுக்கு வெளியே உலகெங்கும் உள்ள பனியாறுகளின் மொத்தப் பரப்பு 5,00,000 சதுர கி.மீட்டரிலிருந்து 1,00,000 சதுர கி.மீட்டராகச் சுருங்கும் எனக் கணித்திருந்தார். அதற்கு அவர் குறித்த ஆண்டு 2350. வழியில் எங்கோ இலக்கங்கள் இடம் மாறின. உலகம் இமயமாகக் குறுகியது. இமயப் பனியாறுகளின் பரப்பு 5,00,000 சதுர கி.மீட்டரிலிருந்து 2035க்குள் 1,00,000 சதுர கி.மீட்டராகும் என்ற வாக்கியம் ஐ.பி.சி.சி. அறிக்கையில் அச்சேறியது.

பிழையைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள் அப்பக்கத்திலேயே இருந்தன. இமயத்தின் பனியாற்றுப் பரப்பு ஏறத்தாழ 33,000 சதுர கி.மீ. மட்டுமே. இந்துகுஷ், காரகோரம் உள்ளிட்ட முழு வட்டாரத்தையும் சேர்த்தாலும் அது 60,000 சதுர கி.மீ. அளவே வரும். இருப்பதைப் போல எட்டு மடங்குக்கும் மேலான பரப்பை இமயத்துக்கு அளித்த வாக்கியம், துறை அறிந்த எவரையும் நிறுத்தியிருக்க வேண்டும். மேலும், 2035க்குள் பனியாறுகள் மறையும் என்ற கூற்றும், அதே ஆண்டில் 1,00,000 சதுர கி.மீ. எஞ்சியிருக்கும் என்ற கூற்றும் அடுத்தடுத்து நின்றன. அதே பகுதியின் அட்டவணை ஒன்றில், பிண்டாரி பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியதாகவும், ஆண்டுச் சராசரி 135.2 மீட்டர் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. 121 ஆண்டுகளால் வகுக்க வேண்டியதை 21ஆல் வகுத்தால் கிடைக்கும் விடை அது. சரியான விடை 23.5 மீட்டர்.

எளிய இயற்பியலும் அந்த ஆண்டுக்கு எதிராகவே நின்றது. பெரிய பனியாறுகளின் தடிப்பு நூறு மீட்டரையும் தாண்டும். ஆண்டுக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் எனத் தேயும் பனி முப்பது ஆண்டுகளுக்குள் முற்றாக மறைய இயலாது. இவை யாவும் யார் கண்ணிலும் படவில்லை என்பதற்கில்லை. வரைவு நிலையிலேயே ஜப்பான் அரசு உள்ளிட்ட சில மதிப்பாய்வாளர்கள் இப்பகுதி குறித்து வினா எழுப்பியிருந்தனர். ஆஸ்திரியப் பனியாற்று அறிஞர் கியார்க் காசர், 2006இலேயே தாம் இப்பிழையைச் சுட்டியதாகப் பின்னர் கூறினார். வினாக்கள் பதிவாயின, பத்தி திருத்தப்படவில்லை.

பிழையை இறுதியில் வெளிக்கொணர்ந்தவர்கள் காலநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் அல்லர். கனடாவின் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரஹாம் காக்லி, மேற்கோளின் மேற்கோளைத் தேடிப் பின்னோக்கிச் சென்று, அதன் மூலத்தைக் கண்டறிந்தார். அவரும் காசர் உள்ளிட்ட வேறு மூன்று அறிஞர்களும் எழுதிய கடிதம் 2010 ஜனவரியில் சயின்ஸ் இதழில் வெளியாயிற்று. அதே 2007 அறிக்கையின் முதல் பணிக்குழுத் தொகுதியில், பனியாற்று வல்லுநர்களே எழுதிய அத்தியாயத்தில் இப்பிழை இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

டெல்லியில் 2009

பிழை வெளிப்படுவதற்கு இரு மாதங்களுக்கு முன், இந்தியாவில் இதே பொருள் அரசியல் விவாதமாகியிருந்தது. 2009 நவம்பரில், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஒரு விவாத அறிக்கையை வெளியிட்டார். அதை எழுதியவர் வி.கே. ரெய்னா, இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவர். இமயப் பனியாறுகள் புவி வெப்பமாதலால் இயல்புக்கு மாறாகப் பின்வாங்குகின்றன எனக் கூறுவதற்கு இன்னும் காலம் கனியவில்லை என்பது அவ்வறிக்கையின் முடிவு. அப்போது ஐ.பி.சி.சி.யின் தலைவராக இருந்த ராஜேந்திர பச்சௌரி அதைக் கடுஞ்சொற்களால் நிராகரித்தார். அது அறிவியலே அன்று, மந்திரவாதம் என்னும் பொருள்படப் பேசினார்.

காலச்சூழலை மறந்து இம்மோதலைப் புரிந்துகொள்ள இயலாது. டிசம்பரில் கோபன்ஹேகன் மாநாடு கூடவிருந்தது. உமிழ்வைக் குறைக்கும் கடப்பாட்டை இந்தியா போன்ற நாடுகளும் ஏற்க வேண்டும் என்ற அழுத்தம் வலுத்திருந்தது. நவம்பர் நடுப்பகுதியில் பிரிட்டனின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் களவாடப்பட்டு இணையத்தில் வெளியிடப்பட்டிருந்தன. இத்தகைய நேரத்தில் ஒவ்வொரு எண்ணும் ஏதேனும் ஒரு தரப்பின் ஆயுதமாயிற்று. ஜனவரியில் ஐ.பி.சி.சி. தன் பிழையை ஒப்புக்கொண்டபோது, 2035 என்ற கூற்றுக்கு எள்ளளவும் சான்று இருந்ததில்லை என அமைச்சர் கூறினார். பனியாறுகளின் நிலை பெரிதும் கவலைக்குரியது என்பதையும் அதே மூச்சில் அவர் சொன்னார். முதற்பகுதி எங்கும் பேசப்பட்டது. இரண்டாம் பகுதியை நினைவில் கொண்டோர் சிலரே.

பச்சௌரியின் எதிர்வினையில் இருந்த குறை கண்கூடு. சான்றைக் கேட்டவருக்குச் சான்றைக் காட்டாமல், நிறுவனத்தின் மதிப்பைக் காட்டினார். ரெய்னாவின் அறிக்கையை அவ்வாறு ஒதுக்க இயலாது. அது களஆய்வு மரபு ஒன்றின் விளைபொருள். ஆனால் அம்மரபு எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்பதே இங்கு எழும் கேள்வி.

முகப்பை அளப்பதும் நிறையை அளப்பதும்

இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் 1906–07 காலத்திலேயே இமயப் பனியாறுகளின் முகப்புகளைக் குறித்துவைக்கத் தொடங்கிவிட்டது. பனியாறு முடிந்து நீரோடை பிறக்கும் இடமே முகப்பு. கங்கோத்ரி பனியாற்றின் முகப்பான கோமுகத்தை அந்நிறுவனத்தின் ஜே.பி. ஆடன் 1935இல் வரைபடமாக்கினார். பிற்காலத்தில் சென்றவர்கள் அதே இடத்திலிருந்து எத்தனை மீட்டர் பின்வாங்கியிருக்கிறது என அளந்தனர். கருவிகளும் நிதியும் அரிதாயிருந்த காலத்தில் இது பெரும் பணி. ரெய்னாவின் வாதம் இத்தரவுகளைச் சார்ந்தது. 2000ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு இருபது மீட்டருக்குச் சற்று மேலாகப் பின்வாங்கிய கோமுகம், பின்னர் வேகம் குறைந்து, 2007 செப்டம்பர் முதல் 2009 ஜூன் வரை ஏறக்குறைய அசையாமல் நின்றது என அவர் சுட்டினார். வெப்பமாதல் விரைகிறது எனில் முகப்பு ஏன் நிற்க வேண்டும் என்ற வினா நியாயமானதாகவே தோன்றியது.

பனியாறு வெப்பத்துக்கு உடனே பணியும் வெப்பமானி அன்று என்பதே அதற்கான விடை. மேற்பகுதியில் விழும் பனிப்பொழிவு அதன் வரவு. கீழ்ப்பகுதியில் உருகுவது செலவு. இவ்வரவு செலவு மாறினால், அதன் விளைவு முப்பது கி.மீ. நீளமுள்ள கங்கோத்ரி போன்ற பனியாற்றின் முகப்பை வந்தடையப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இமயத்தின் பெரும் பனியாறுகள் பலவற்றின் கீழ்ப்பகுதியைப் பாறைத்துண்டுகளும் மண்ணும் மூடியிருப்பதால் சிக்கல் கூடுகிறது. தடித்த அம்மூடாக்கு பனியை வெயிலிலிருந்து காக்கிறது. முகப்பு இருந்த இடத்திலேயே நிற்க, அதற்குப் பின்னால் உள்ள பனியின் தடிப்பு குறைந்துகொண்டே போக இயலும். முகப்பின் நிலை பனியாற்றின் நீளத்தைச் சொல்லும். அதன் கையிருப்பைச் சொல்லாது.

கையிருப்பை அறிய வரவு செலவுக் கணக்கையே எடுக்க வேண்டும். நிறைச் சமநிலை என வல்லுநர் அழைக்கும் இக்கணக்குக்கு, ஒவ்வோர் ஆண்டும் பனியாற்றின் மேல் ஏறியாக வேண்டும். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், சந்திரா ஆற்றின் வடிநிலத்தில் உள்ள சோட்டா ஷிக்ரி பனியாற்றில், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் 2002 முதல் இக்கணக்கை எடுத்துவருகின்றனர். பனியில் துளையிட்டு மூங்கில் கோல்கள் ஊன்றப்படுகின்றன. அடுத்த ஆண்டு கோல் எவ்வளவு வெளியே நீள்கிறது என்பது உருகிய அளவைத் தருகிறது. மேற்பகுதியில் பனிப்படலத்தைத் தோண்டி, அவ்வாண்டின் சேர்க்கையை அளக்கின்றனர். இத்தொடரில் நல்ல ஆண்டுகளும் உண்டு. ஆனால் நீண்ட காலச் சராசரி, ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் நீருக்கு இணையான இழப்பைக் காட்டுகிறது. அரை மீட்டர் இழப்பு 2035க்குள் எதையும் மறையச் செய்யாது. நிலைமை இயல்பாக உள்ளது என்ற ஆறுதலையும் அது தராது.

ஒரு பனியாறு முழு இமயத்துக்கும் சாட்சியாகாது. அதற்குச் செயற்கைக்கோள்கள் தேவைப்பட்டன. அவற்றின் முதல் விடைகளும் குழப்பமாகவே இருந்தன. புவியீர்ப்பு மாறுபாட்டை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்களின் தரவைக் கொண்டு 2012இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, ஆசிய உயர்மலைகளின் இழப்பு ஆண்டுக்கு 400 கோடி டன் மட்டுமே எனக் கண்டது. முந்தைய மதிப்பீடுகளை விட இது மிகக் குறைவு. இமயத்தில் பனி குறையவே இல்லை என்று சில தலைப்புச் செய்திகள் முழங்கின. அந்த எண்ணுக்கு அருகில் கூட்டியும் குறைத்தும் 2,000 கோடி டன் என்ற பிழைவரம்பு இருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. காரகோரத்தின் பனியாறுகள் ஏறத்தாழச் சமநிலையில், சில இடங்களில் சற்று வளர்ந்தும் இருந்தன என்ற கண்டுபிடிப்பும் அக்காலத்தில் உறுதிப்பட்டது. அதை எவரும் மறைக்கவில்லை; ‘காரகோர விதிவிலக்கு’ என்ற பெயரோடு அது ஆய்வுப்பொருளாயிற்று. 2017இல், செயற்கைக்கோள் படங்களிலிருந்து தரைமட்ட உயரங்களை ஒப்பிட்ட ஆய்வு, ஆசிய உயர்மலைகளின் இழப்பை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 கோடி டன் எனவும், பிழைவரம்பை அதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு எனவும் நிறுவியது.

2019இல் வந்த சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. சோவியத் ஒன்றியத்துடனான பகைமைக் காலத்தில் அமெரிக்கா ஏவிய ஹெக்ஸகன் உளவுச் செயற்கைக்கோள்கள் 1970களில் இமயத்தையும் படமெடுத்திருந்தன. இரகசியம் நீக்கப்பட்ட அப்படங்களிலிருந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முப்பரிமாண வடிவங்களை உருவாக்கினர். 2,000 கி.மீ. நீளத்தில் 650 பனியாறுகளை ஒப்பிட்டபோது, 1975–2000 காலத்தில் ஆண்டுக்கு 0.22 மீட்டராக இருந்த சராசரி இழப்பு 2000–2016 காலத்தில் 0.43 மீட்டராகியிருந்தது. வேகம் ஏறத்தாழ இரு மடங்கு. பாறை மூடிய பனியாறு, மூடாத பனியாறு, மேற்கு, கிழக்கு என்ற வேறுபாடுகளைத் தாண்டி இப்போக்கு காணப்பட்டது.

காரணம் யார்?

பனி உருகுகிறது என்பது ஒரு கூற்று. மனிதரால் உருகுகிறது என்பது வேறொரு கூற்று. ரெய்னாவின் வினாவில் மிகக் கனமான பகுதி இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்த குளிர்காலகட்டமான ‘சிறு பனியுகம்’ முடிந்தபோது, உலகின் பனியாறுகள் இயல்பாகவே பின்வாங்கத் தொடங்கின. 1906இல் நிலவியல் ஆய்வாளர்கள் கண்ட பின்வாங்கலுக்கு நிலக்கரிப் புகையை மட்டும் காரணமாக்க இயலாது. 

இவ்வினாவுக்கு 2014இல் சயின்ஸ் இதழில் ஓர் அளவான விடை வந்தது. 1851 முதல் 2010 வரை உலகப் பனியாறுகள் இழந்த நிறையில் மனிதச் செயல்பாட்டின் பங்கு ஏறத்தாழ 25 விழுக்காடு மட்டுமே; அதிலும் பிழைவரம்பு 35 விழுக்காடு. ஆனால் 1991–2010 காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அப்பங்கு 69 விழுக்காடு, பிழைவரம்பு 24. பழைய இழப்பின் பெரும்பகுதி இயற்கையின் நீண்ட எதிர்வினை. அண்மை இழப்பின் பெரும்பகுதி மனிதர் விளைவித்தது. இரு தரப்பினரும் தத்தமக்கு உகந்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள இயலாதபடி அந்த விடை அமைந்திருந்தது. அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் கிரஹாம் காக்லி. 2035 என்ற பொய்யான ஆண்டை வேரோடு பிடுங்கிய அதே அறிஞர், நான்காண்டுகளுக்குப் பின் மனிதரின் பங்கை எண்ணிட்டுக் காட்டியவர்களுள் ஒருவரானார்.

மனிதச் செயல்பாடு என்பது கார்பன் டை ஆக்சைடு மட்டுமன்று என்பதும் இமயத்தில் தெளிவாகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீரபத்ரன் ராமநாதன், 1999இல் இந்தியப் பெருங்கடல் மீது நிகழ்ந்த இண்டோயக்ஸ் ஆய்வுக்குத் தலைமையேற்றவர்களுள் ஒருவர். தெற்காசியாவின் மேல் பரவும் பழுப்பு மேகத்தில் உள்ள கரித்துகள் வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குவதை அவரும் அவரது குழுவினரும் 2007இல் அளந்து காட்டினர். விறகடுப்பும் டீசலும் உமிழும் அத்துகள், பனிமேல் படிந்தால் அதன் வெண்மையையும் குறைக்கிறது. இமயத்தின் சூட்டில் பசுமைக்குடில் வாயுக்களுக்கு எவ்வளவு பங்கு, கரித்துகளுக்கு எவ்வளவு என்பது இன்றும் ஆய்வுக்குரியது. இரண்டும் மனிதர் உமிழ்பவையே.

பிழை திருத்திய அமைப்பு

2010 மார்ச்சில் ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூனும் பச்சௌரியும், உலக அறிவியல் கழகங்களின் கூட்டவையிடம் ஐ.பி.சி.சி.யின் நடைமுறைகளை ஆராயுமாறு கோரினர். ஹெரால்டு ஷபிரோ தலைமையிலான குழு ஆகஸ்டு 30 அன்று அறிக்கை அளித்தது. மதிப்பாய்வாளர்களின் கருத்துகளுக்கு உரிய கவனம் அளிக்கப்படவில்லை என்றும், ஆய்விதழ்களில் வெளிவராத அறிக்கைகளைப் பயன்படுத்தும் விதிகள் கடைப்பிடிக்கப்படவில்லை என்றும் அது கண்டித்தது. நிலையான செயற்குழு, மதிப்பாய்வுப் பதிப்பாசிரியர்களுக்குக் கூடுதல் அதிகாரம், உறுதியின்மையைச் சொல்லும் சொற்களில் ஒழுங்கு ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. 2021இல் வெளியான ஆறாம் மதிப்பீட்டறிக்கை, 1990களுக்குப் பிந்தைய உலகளாவிய பனியாற்றுப் பின்வாங்கலுக்கு மனிதத் தாக்கமே முதன்மைக் காரணமாக இருப்பது மிகவும் சாத்தியம் என்றது. அழிவுக்கு ஆண்டு குறிக்கும் வாக்கியத்தை விட இது அடக்கமானது. ஆனால் இதற்குப் பின்னால் கோல்களும் படங்களும் கணக்குகளும் உள்ளன.

காத்மண்டுவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுப் பன்னாட்டு மையம் 2019இல் வெளியிட்ட மதிப்பீடு, புவியின் சராசரி வெப்ப உயர்வு 1.5 டிகிரிக்குள் நின்றாலும் இந்துகுஷ்-இமயத்தின் பனியில் மூன்றில் ஒரு பங்கு இந்நூற்றாண்டின் இறுதிக்குள் இழக்கப்படும் என்றும், உமிழ்வு இன்றுபோலவே தொடர்ந்தால் மூன்றில் இரு பங்கு இழக்கப்படும் என்றும் கூறுகிறது. பருவமழையே பெரும்பாலும் ஊட்டும் கங்கைச் சமவெளியை விட, உருகுநீரைப் பெரிதும் நம்பியிருக்கும் சிந்து வடிநிலத்துக்கு இது கடுமையான செய்தி. மலையில் வாழ்வோருக்கு ஆபத்து இன்னும் அண்மையில் உள்ளது. சிக்கிமில் பனியாறு பின்வாங்கப் பின்வாங்கப் பெருகி வந்த தெற்கு லோனாக் ஏரி, 2023 அக்டோபரில் உடைத்துக்கொண்டு பாய்ந்து, சுங்தாங்கில் இருந்த தீஸ்தா நீர்மின் அணையை அடித்துச் சென்றது. அந்த ஏரி குறித்து ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகவே எச்சரித்துவந்தனர்.

2035 வரும், இமயத்தின் பனியாறுகள் பெரும்பாலானவை அன்றும் இருக்கும். அவை இருப்பதையே காட்டி, கால்நூற்றாண்டுக்கு முன் திருத்தப்பட்ட அந்தப் பத்தியை மீண்டும் எடுத்து வீசுவோரும் இருப்பர். அவர்களுக்கு அளிக்க வேண்டிய விடை, அந்தப் பத்தி சிறு பிழை என்பதன்று. அது பெரும் பிழை. மூலத்தைத் திறந்து பாராமல் மேற்கோளை மேற்கோளாகவே கடத்தியவர்கள் செய்த பிழை. ஆய்வேட்டின் அடிக்குறிப்பு எழுதும் ஒவ்வொரு மாணவருக்கும் எட்டும் தொலைவில் உள்ள பிழையும்கூட. அந்த ஆண்டை மறந்துவிட்டு, சோட்டா ஷிக்ரியின் கோல்கள் இருபதாண்டுகளாகக் காட்டிவரும் கணக்கை எடுத்துவைப்பதே தக்க விடையாகும்.